அத்தியாயம் 6: வேப்பில் நிக்கோட்டினைப் படிப்படியாக இறக்குவது

இந்த அத்தியாயம் 18 வயது நிரம்பியவர்களுக்கானது. சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறியவர்களுக்கும் இது பொருந்தும். சிகரெட்டைத் தொடாமல் நேராக வேப்பிலேயே தொடங்கியவர்களுக்கும் பொருந்தும். இந்த இரண்டாம் வகையினர் நம்மிடையே பெருகியதற்குக் காரணம் உண்டு. 2023 மார்ச் 31-ஆம் தேதி மலேசிய அரசு திரவ நிக்கோட்டினை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. மறுநாள் முதல் அதற்கு வரி விதித்தது. வயதுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்த 852-ஆம் சட்டமோ 2024 அக்டோபர் 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில், பள்ளிச் சீருடையில் வருகிற பையனுக்கு நிக்கோட்டின் லிக்விட் விற்றாலும் கேட்க நாடு தழுவிய சட்டம் இல்லை. அதற்கு முன்பே, 2022-இல் நடந்த தேசிய இளையோர் சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 14.9 விழுக்காட்டினர் மின்சிகரெட் பயன்படுத்துவது தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்து, ஈப்போ பக்கம் மெங்லெம்பு, ஜெலாப்பாங் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், கல்லூரிக்குப் போகிறார்கள். முழுமையாக வளராத மூளையில் இந்தப் பழக்கம் பதிந்தது அவர்கள் குற்றம் மட்டுமாக இருக்க முடியாது. அதனால் இங்கே யாரையும் ஏசப் போவதில்லை. எப்படி இறங்குவது என்பதை மட்டும் பார்ப்போம்.

நம் ரப்பர் தோட்டங்களில் புகையிலை புதிதல்ல. வெற்றிலையோடு போயிலை போட்ட பாட்டிகளும், சுருட்டும் ரோக்கோ டாவுனும் பிடித்த தாத்தாக்களும் சுங்கை சிப்புட்டிலிருந்து சுங்காய் வரை எல்லா லயங்களிலும் இருந்தார்கள். அதுவும் கெடுதல்தான். வாய்ப்புற்றுநோய்க்கு எத்தனையோ பேரைக் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் அந்தப் பழக்கங்களுக்கு ஒரு முடிவு இருந்தது. வாயில் போட்டது சக்கையானால் துப்பியாக வேண்டும். சுருட்டு எரிந்து முடியும். பால் வெட்டும்போது கையில் உளி, பால் எடுக்கும்போது கையில் வாளி. நடுவே கிடைக்கிற ஓய்வில்தான் புகை. வேப்புக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. அணையாது, சாம்பல் உதிராது, வீட்டில் நாற்றம் தங்காது. படுக்கையில் இருந்தபடியே இழுக்கலாம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இழுக்கலாம். ‘ஒரு நாளைக்கு எத்தனை?’ என்று சிகரெட் பிடிப்பவரைக் கேட்டால் எண்ணிக்கை சொல்லிவிடுவார். வேப் இழுப்பவரால் சொல்ல முடியாது. அந்த எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பதில்தான் நம் வேலை தொடங்குகிறது.

முதலில் கணக்கு

போத்தலில் 3, 6, 12, 20, 35, 50 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். ஒரு மில்லி லிக்விட்டில் அத்தனை மில்லிகிராம் நிக்கோட்டின் என்று பொருள். சில போத்தல்களில் விழுக்காடாக இருக்கும். 5 விழுக்காடு என்றால் 50 மில்லிகிராம், 2 விழுக்காடு என்றால் 20. பெரும்பாலோர் இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்துத் தாங்கள் குறைத்துவிட்டதாகவோ குறைக்கவில்லை என்றோ முடிவு செய்கிறார்கள். அது பாதிக் கணக்கு. ஒரு நாளில் எத்தனை மில்லி காலியாகிறது என்பது மீதிப் பாதி. இரண்டையும் பெருக்கினால் வருவதே உங்கள் உண்மையான எண்.

கிள்ளான் துறைமுகத்துக்கும் ஈப்போவுக்கும் லாரி ஓட்டுகிற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 35 மில்லிகிராம் லிக்விட், நாளைக்கு 3 மில்லி. பெருக்கினால் 105. குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்து 20 மில்லிகிராமுக்கு இறங்குகிறார். பிள்ளைகளிடமும் பெருமையாகச் சொல்கிறார். ஆனால் போதாமல் இருப்பதால் அடிக்கடி இழுக்கிறார், ஆழமாக இழுக்கிறார். இப்போது நாளைக்கு 5 மில்லி. பெருக்கிப் பாருங்கள், 100. மனிதர் பாடுபட்டதென்னவோ உண்மை. இறங்கியது ஐந்தே ஐந்து.

இன்னொருவர் பெரிய கருவியில் 3 மில்லிகிராம் லிக்விட் ஊற்றி மேகம் மேகமாகப் புகை விடுகிறார். ‘நான் மூன்றில்தான் இருக்கிறேன்’ என்கிறார். நாளைக்கு 12 மில்லி காலி செய்தால் அவர் எண் 36. சின்னக் கருவியில் 20 மில்லிகிராம் லிக்விட்டை ஒன்றரை மில்லியோடு நிறுத்திக்கொள்பவரின் எண் 30. இத்தனையும் உடம்பில் ஏறுவதில்லை. உறிஞ்சப்படுவது கருவிக்கும் இழுக்கும் விதத்துக்கும் ஏற்ப மாறும். ஆகவே உங்கள் எண்ணை அடுத்தவர் எண்ணோடு கறாராக ஒப்பிட வேண்டாம். உங்கள் போன மாத எண்ணோடு ஒப்பிடுங்கள், போதும்.

அளப்பது கடினமில்லை. காலையில் போத்தலில் லிக்விட் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. மறுநாள் அதே நேரத்தில் இன்னொரு கோடு. ஒரு வாரம் இப்படிச் செய்து, குறைந்த மில்லியை ஏழால் வகுத்தால் ஒரு நாள் கணக்கு வந்துவிடும். அந்த வாரம் எதையும் குறைக்க முயல வேண்டாம். வழக்கம்போல இழுங்கள். இல்லையென்றால் கிடைக்கிற எண் பொய்யாகிவிடும். கூடவே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: விழித்தபின் எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு? இரத்தத்தில் நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. இரவு முழுக்க இறங்கி, விடியும்போது அடியில் நிற்கும். பாயை விட்டு எழுமுன் கை கருவியைத் தேடுகிறது என்றால் பிடி இறுக்கம், மெதுவாகத்தான் இறங்க வேண்டும். பசியாறிய பிறகுதான் நினைவு வருகிறது என்றால் கொஞ்சம் வேகமாகவே இறங்கலாம்.

ஏன் 50 தொண்டையைச் சுடுவதில்லை

பழைய வகை லிக்விட்டில் நிக்கோட்டின் அதன் இயல்பான வடிவில், காரத்தன்மையோடு இருந்தது. 18 மில்லிகிராமுக்கு மேல் போனால் பலருக்கும் தொண்டை எரியும், இருமல் வரும். உடம்பே போட்டுவைத்த வேலி அது. சால்ட் நிக் என்று விற்கப்படுவதில் பென்சோயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்துக் காரத்தைத் தணித்துவிடுகிறார்கள். எரிச்சல் போகிறது, வேலியும் போகிறது. 2015-இல் அமெரிக்காவில் ஜூல் என்ற கருவி இந்த முறையோடு சந்தைக்கு வந்தது. அதன் ஒரு குப்பியில் 0.7 மில்லிதான் இருந்தது, அதிலேயே சுமார் 40 மில்லிகிராம் நிக்கோட்டின். நம் ஊரில் 2 மில்லி பிடிக்கிற குப்பியில் 50 மில்லிகிராம் லிக்விட்டை நிரப்பினால் அதில் 100 மில்லிகிராம் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்திருப்பது இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. இனிப்பாக, மாம்பழ வாசத்தோடு உள்ளே போகிறது என்பதால் அளவு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

உடம்பு ஈடுகட்டும்

நிக்கோட்டினைக் குறைத்ததும் உடம்பு சும்மா இருக்காது. 2018-இல் லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் டாக்கின்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நீண்ட நாள் வேப் பழக்கமுள்ள 20 பேருக்கு 18 மில்லிகிராமும் 6 மில்லிகிராமும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். குறைந்த அளவு கையில் இருந்தபோது அவர்கள் அதிகமாக, நீளமாக இழுத்தார்கள், அதிக லிக்விட் செலவழித்தார்கள். கருவியின் சக்தியைக் கூட்டும் வசதி கிடைத்தபோது அதையும் கூட்டினார்கள். லிக்விட் கூடுதலாகச் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற வேண்டாத பொருள்கள் உண்டாவது தெரிந்ததே. நிக்கோட்டினைக் குறைக்கப் போய் அவற்றைக் கூட்டிக்கொள்வதில் என்ன பயன்?

எனவே ஒவ்வொரு படி இறங்கும்போதும் மற்றதையெல்லாம் அசையாமல் வைத்திருங்கள். வாட் எண்ணைக் கூட்டக் கூடாது. காற்றுத் துளையை அகலமாகத் திறக்கக் கூடாது. அதே வாரத்தில் புதுக் கருவி வாங்கக் கூடாது. முதல் மூன்று நான்கு நாள் மில்லிக் கணக்கு ஏறினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. இரண்டாம் வாரமும் ஏறியே நின்றால் நீங்கள் இன்னும் இறங்கவில்லை என்று பொருள். அடுத்த படிக்கு அவசரப்படாமல் அங்கேயே இருந்து மில்லியைக் குறையுங்கள்.

கலந்து இறங்குவது

இழுத்துத் தீர்ந்ததும் தூக்கி எறிகிற டிஸ்போசபலில் இந்த வேலை நடக்காது. அதன் எண் ஆலையிலேயே முடிவாகிவிட்டது, எத்தனை மில்லி போகிறது என்று பார்க்கவும் முடியாது. அதில் இருப்பவர்களுக்கு முதல் படி, அதே அளவு நிக்கோட்டினில் ஊற்றி நிரப்பும் சின்னக் கருவிக்கு மாறுவது. மாறியபின் இரண்டு வாரம் எதையும் குறைக்காமல் பழகிக்கொள்ளுங்கள்.

கடையில் கிடைக்கும் எண்களுக்கு இடையே பள்ளம் அதிகம். 35-இலிருந்து 20-க்குத் தாவுவதும், 20-இலிருந்து 12-க்குத் தாவுவதும் பலரைச் சிகரெட்டுக்கே திருப்பி விட்டுவிடும். படிக்கட்டில் இரண்டு படி விட்டு இறங்கினால் கால் இடறுவதைப் போலத்தான். அதே பிராண்டில், அதே சுவையில் நிக்கோட்டின் இல்லாத போத்தல் ஒன்று வாங்கிக் கலந்தால் பள்ளத்தை நிரப்பிவிடலாம். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு மருந்தகத்தில் கிடைக்கும். 10 மில்லி காலிப் போத்தலில் 35-இலிருந்து 8 மில்லி, பூஜ்யத்திலிருந்து 2 மில்லி சேர்த்தால் 28 மில்லிகிராம் கிடைக்கும். அடுத்து 6-க்கு 4, அது 21. பாதிக்குப் பாதி 17.5. பிறகு 4-க்கு 6 என்றால் 14, 3-க்கு 7 என்றால் 10.5, 2-க்கு 8 என்றால் 7, கடைசியாக 1-க்கு 9 என்றால் 3.5. ஒவ்வொரு கலவையின் மேலும் எண்ணையும் தேதியையும் ஒட்டி வையுங்கள்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரம் என்று தொடங்குங்கள். மேலே இருக்கும்போது இது எளிது. 35-இலிருந்து 28 என்பது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 7-இலிருந்து 3.5 என்பதோ சரிபாதி. எண் சின்னதாக ஆக ஆக அதே அளவு இறக்கம் பெரிய இறக்கமாகிறது. கடைசிப் படிகளில் பலர் திணறுவது இதனால்தான், மன உறுதிக் குறைவால் அல்ல. அங்கே மூன்று வாரமோ நான்கு வாரமோ எடுத்துக்கொள்ளுங்கள், நடுவே 5-ஐ ஒரு படியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கலக்கும்போது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அடர் நிக்கோட்டின் வாங்கி வீட்டில் தயாரிக்க வேண்டாம். பெயரும் எண்ணும் இல்லாத போத்தலைத் தொட வேண்டாம். மயக்கம் தருகிற செயற்கைப் போதைப்பொருள் கலந்த வேப் லிக்விட்டை நம் போலீஸார் கைப்பற்றி வருவது செய்திகளில் வருகிறது. நீங்கள் இழுப்பது அந்த வகை என்ற சந்தேகம் இருந்தால் இந்த அத்தியாயத்தின் கணக்கு உங்களுக்கு உதவாது, மருத்துவரிடம் போங்கள். சமையல் மேசையில் வைத்துக் கலக்காதீர்கள். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உள்ளே போகும் என்பதால் கையுறை அணியுங்கள், சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 50 மில்லிகிராம் லிக்விட் 10 மில்லி என்றால் அதில் 500 மில்லிகிராம் நஞ்சு இருக்கிறது. தவழுகிற குழந்தை ஒரு மடக்குக் குடித்தாலே உயிருக்கு ஆபத்து. தோட்ட வீடுகளில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில், தொலைக்காட்சி மேசை மேல் என்று எட்டுகிற இடத்தில் போத்தல் கிடக்கிறது. பூட்டுகிற அலமாரியில் வையுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 999-ஐ அழைத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையமும் ஆலோசனை சொல்லும்.

நேரத்தையும் இடத்தையும் சுருக்குவது

எண்ணைக் குறைக்கும்போதே வேளையையும் குறைக்க வேண்டும். 852-ஆம் சட்டம் இதில் கை கொடுக்கிறது. உணவகம், மாமாக் கடை, ஒட்டுக்கடை எதிலும் வேப் இழுக்கக் கூடாது. அதை அப்படியே கடைப்பிடித்தால், தே தாரிக் குடிக்கிற அரை மணி நேரம் தானாகவே கழிந்துவிடும். அதோடு வீட்டுக்குள் இல்லை, வண்டிக்குள் இல்லை என்று நீங்களே இரண்டு எல்லை போடுங்கள். லாரி ஓட்டுபவருக்கு இது பெரிய சோதனைதான். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி, இறங்கி நின்று இழுப்பது என்று வைத்துக்கொண்டால் ஒரு பயணத்தின் கணக்கே மாறிவிடும். இரவு ஷிஃப்டில் இருப்பவர்கள் தூக்கத்தை விரட்ட இழுக்கிறார்கள். அவர்கள் பகல் ஷிஃப்ட் வாரத்தில் புதுப் படியைத் தொடங்குவது நல்லது. காலையில் முதல் இழுப்பை வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் தள்ளிக்கொண்டே போங்கள்.

கைக்கும் வாய்க்கும் வேலை வேண்டும். புந்தோங்கில் கச்சாங் பூத்தே தயாரிக்கும் கம்பத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்குப் பஞ்சமில்லை. வறுத்த கடலையோ கொண்டைக்கடலையோ ஒரு கைப்பிடி கொறிக்கலாம். மிட்டாய், இனிப்புப் பானம் பக்கம் போகாதீர்கள். நிக்கோட்டின் குறையும்போது பசி கூடும், எடை கூடும். நாட்டில் நீரிழிவு அதிகமாக இருப்பது இந்தியர்களிடையேதான். ஒன்றை விட்டு இன்னொன்றில் விழ வேண்டாம்.

தைப்பூசத்துக்கு மாலை போட்டு, கூனோங் சீரோ முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர்களில் பலர் விரத நாள்களில் வேப்பைத் தொடுவதில்லை. அது மதிக்க வேண்டிய உறுதி. சிக்கல் வருவது விரதம் முடிந்த மறுநாள். அதற்குள் உடம்பின் தாங்கும் திறன் குறைந்திருக்கும். பழைய 50-ஐ எடுத்தால் தலை சுற்றும், குமட்டும், நெஞ்சு படபடக்கும், சில நாளில் பழகியும் போகும். பாதி வழி வந்துவிட்டீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். மாலை கழற்றுமுன் பழைய போத்தல்களை வீட்டை விட்டு அகற்றிவிடுங்கள். தாக்குப்பிடிக்கவே முடியவில்லை என்றால் கீழ்ப்படியில் ஒன்றை எடுங்கள்.

தடுமாறும்போது

ஒவ்வொரு படியிலும் இரண்டாம் மூன்றாம் நாள்தான் கடினம். எரிச்சல், தூக்கக் குறைவு, மனம் ஒன்றில் நிற்காமை, மலச்சிக்கல் எல்லாம் வரும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வீண் சண்டை குறையும். தாங்க முடியாவிட்டால் முந்தைய படிக்கு ஏறி ஒரு வாரம் இருங்கள். சிகரெட்டுக்கு மட்டும் போகாதீர்கள். முன்பு புகைத்தவர்களுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன்: சிகரெட் நினைப்பு தலைதூக்குகிறது என்றால் குறைப்பதை நிறுத்தி வையுங்கள். வேகமாக இறங்கிச் சிகரெட்டில் விழுவதைவிட, மெதுவாக இறங்குவது எவ்வளவோ மேல்.

பூஜ்யத்துக்கு வந்தபின் நிக்கோட்டின் இல்லாத லிக்விட்டைச் சில வாரம் இழுப்பதில் தவறில்லை, கைப்பழக்கம் விட நாள் எடுக்கும். ஆனால் நாள்காட்டியில் அதற்கொரு கடைசித் தேதி போடுங்கள். சூடேறிய சுவையூட்டியை நுரையீரல் வருடக்கணக்கில் தாங்க வேண்டிய அவசியம் என்ன?

படிப்படியாகக் குறைப்பதை மட்டும் தனியே ஆராய்ந்த நல்ல ஆய்வுகள் இன்னும் குறைவு. ஆனால் வேப்பை நிறுத்த மருந்து உதவும் என்பதற்குச் சான்று வரத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு 16 முதல் 25 வயது வரையுள்ள, வேப் இழுக்கிற 261 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2025-இல் வெளிவந்தது. வாரெனிக்லின் மாத்திரை எடுத்தவர்களில் 51 விழுக்காட்டினர் 12 வார மருத்துவத்தின் கடைசி மாதத்தில் வேப்பைத் தொடவில்லை. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 14 விழுக்காடு. இரு சாராருக்கும் வாரந்தோறும் ஆலோசனையும் கிடைத்தது.

கர்ப்பிணிகள், இதய நோயுள்ளவர்கள், மன நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் இந்தப் படிகளைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம். 18 வயது ஆகாத பிள்ளை வீட்டில் இழுக்கிறான் என்று தெரிந்தால் அடிக்காதீர்கள், லிக்விட் கலந்து கொடுக்கவும் வேண்டாம், கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். சுகாதார அமைச்சின் எம்குவிட் சேவை, புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு அரசு சுகாதாரக் கிளினிக்குகள் வழியாக ஆலோசனையும் மருந்தும் தருகிறது. ஈப்போவில் இருப்பவர்கள் கிரீன்டவுன், கூனோங் ராப்பாட் கிளினிக்குகளில் விசாரிக்கலாம். சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் பக்கம் இருப்பவர்கள் தங்கள் வட்டாரக் கிளினிக்கில் கேட்கலாம். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். முகப்பில் ‘புகைப்பீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். ‘வேப் இழுக்கிறேன், இத்தனை மில்லிகிராம், நாளைக்கு இத்தனை மில்லி, நிறுத்த உதவி வேண்டும்’ என்று சொல்லுங்கள். நீங்கள் ஒரு வாரம் குறித்து வைத்த கணக்கு மருத்துவருக்கு அங்கே பயன்படும்.